மானுக்கு விளையும் சோயா

புதுதில்லி: அமெரிக்காவில் வேட்டைப் பிரியர்கள் மான்களுக்கென்றே சோயா பயிரிடுகின்றனர். மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் விவசாயி தனக்காக விதைக்கிறார், தின்பதென்னவோ மான்.

பருவமழையை நம்பி விதைத்த சோயாவின் இளந்தளிரை வெளிமான் கூட்டம் மேய்ந்துவிட்டால், மறுவிதைப்புக்குப் பருவம் காத்திருப்பதில்லை. நீல்காய்கள் தின்பதோடு மிதித்தும் அழிக்கின்றன. வெளிமானை விரட்டலாமே தவிரக் கொல்ல இயலாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

2025 அக்டோபரில் ஷாஜாபூர் பகுதியில் ஹெலிகாப்டர் கொண்டு மந்தைகளைப் புனல் வடிவ அடைப்புக்குள் செலுத்தி, 846 வெளிமான்களையும் 67 நீல்காய்களையும் பிடித்த வனத்துறையினர், காந்தி சாகர் உள்ளிட்ட வனப் பகுதிகளில் கொண்டுபோய் விட்டனர். 2016-ல் பீகாரின் மொகாமாவில் நீல்காய்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதையொட்டி மத்திய அமைச்சர்கள் மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும் பகிரங்கமாக மோதிக்கொண்டதையும் நினைத்தால், இது நாகரிகமான வழிதான். ஆனால், பிடிபடாத மந்தைகள்?

வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கும் 2026 கரீப் பருவம் முதல் காப்பீடு உண்டு என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. இழப்பை 72 மணி நேரத்துக்குள் படத்துடன் செல்பேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். எந்தெந்த விலங்குகள், எந்தெந்த மாவட்டங்கள் என்பதை அறிவிக்கும் பொறுப்போ மாநில அரசுகளிடம் விடப்பட்டுள்ளது.