கட்டியின் ஓரத்தையும் கேளுங்கள்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வரும் உறவினர்கள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள். "கேன்சரா டாக்டரம்மா? எத்தனை சென்டிமீட்டர்?" படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர் நான். மெனிஞ்சியோமா என்று தெரிந்ததும் என் கண் முதலில் போவது கட்டியின் ஓரத்துக்கு. அறுவை சிகிச்சை எப்படி முடியும், கட்டி திரும்ப வருமா என்பதை அளவு மட்டும் சொல்லிவிடாது, வடிவமும் சொல்கிறது.

மெனிஞ்சியோமா மூளைக்குள் முளைப்பதில்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் கிளம்பி, வெளியிலிருந்து மூளையை அமுக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. பத்தில் எட்டு, சாதுவான முதல் தரம்.

பெரும்பாலானவை எலுமிச்சம்பழம்போல உருண்டிருக்கும். சில இஞ்சிக் கிழங்குபோல முண்டும் முடிச்சுமாக இருக்கும். உருண்டைக் கட்டிக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய சவ்வும் மூளைத் தண்டுவட நீரும் இருந்தால், படத்தில் அது ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். அறுவை மருத்துவர் கட்டியின் நடுப்பகுதியை முதலில் குடைந்து எடுப்பார். பிறகு தளர்ந்துபோன ஓரத்தை அந்தப் பிரிவு வழியே மூளையிலிருந்து பிரிப்பார். முண்டுள்ள கட்டியில் அந்தக் கீற்று பல இடங்களில் அறுந்திருக்கலாம். கட்டியின் ஒரு பகுதி மற்றதைவிட வேகமாக வளரும்போது ஓரம் அப்படிப் பிதுங்கலாம். பிதுங்கியது சவ்வைத் துளைத்துவிட்டால், மூளையின் சொந்த ரத்தக் குழாய்களிலிருந்தே ரத்தம் இழுத்துக்கொள்ளும். சுற்றிலும் வீக்கம் பரவும். அந்தக் கடைசித் துணுக்கையும் எடுக்கப் போனால் கையோ பேச்சோ பாதிக்கப்படலாம். விட்டுவைத்தால் அங்கிருந்தே வளரலாம்.

விட்டுவைப்பதன் விலையை அறுவை மருத்துவர் டொனால்ட் சிம்சன் 1957இலேயே கணக்கிட்டுக் காட்டினார். கட்டியோடு அது பற்றியிருந்த உறையையும் எலும்பையும் நீக்கியவர்களில் 9 சதவீதத்தினருக்குக் கட்டி திரும்பியது. ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களில் அது 44 சதவீதம்.

முழுவதும் எடுத்தாயிற்று என்று நம்பியவர்களிலும், முண்டுள்ளதும் காளான்போல விரிந்ததுமான கட்டிகளே அதிகம் திரும்பின என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1999இல் எழுதினார்கள். இப்போது கணினி இந்த வடிவத்தை எண்ணாகவே தருகிறது. கட்டியின் கன அளவே கொண்ட ஒரு கோளத்தின் மேற்பரப்பை, கட்டியின் மேற்பரப்பால் வகுக்க வேண்டும். முழு உருண்டைக்கு 1 வரும். ஓரம் சிதறச் சிதற எண் குறையும். மணல் துகள்களை ஆராய்ந்த ஹாக்கன் வாடெல் என்ற நிலவியலாளர் 1930களில் தந்த கணக்கு இது! இந்த எண் குறைந்தவர்களுக்குக் கட்டி திரும்புவதும் ஆயுள் குறைவதும் அதிகம் என்று சான்பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்டது.

சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்யும் ஓர் அம்மாவுக்குக் கட்டி மூன்று சென்டிமீட்டரைத் தொடவில்லை. "சின்னதுதானே" என்று மகன் நிம்மதியானார். ஓரம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை ரிப்போர்ட்டில் அழுத்தி எழுதினேன். பயாப்ஸியில் அவ்வளவு சாதுவல்லாத இரண்டாம் தரம் என்று வந்தது.

இதை வைத்து யாரும் பயந்துவிடக் கூடாது. வடிவம் ஓர் அறிகுறி, தீர்ப்பு அல்ல. உருண்டையான கட்டியும் இரண்டாம் தரமாக இருக்கலாம். கண்ணுக்குப் பின்னால் உள்ள எலும்பையொட்டி விரிப்பாகப் படரும் கட்டி முதல் தரமாக இருந்தும், எலும்புக்குள் ஊறிவிடுவதால் முழுதாக எடுக்க வருவதில்லை. தரத்தை முடிவு செய்வது திசுப் பரிசோதனைதான்.

முதல் அறுவை நன்றாக முடிந்தாலும் கட்டி பின்னாளில் திரும்பலாம். அமெரிக்கத் தளபதி லெனர்ட் வுட்டுக்கு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1910இல் மெனிஞ்சியோமாவை அகற்றினார். வுட் தேறி எழுந்து, பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். கட்டி திரும்பியது, 1927இல் மறுபடி நடந்த அறுவைக்குப் பின் இறந்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து!

அதனால்தான் அறுவை முடிந்து நன்றாக இருக்கிறவர்களையும் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறோம். முதல் தரத்துக்கு ஐந்து ஆண்டுகள் வரை வருடம் ஒருமுறை, பிறகு இரண்டு ஆண்டுக்கொருமுறை. இரண்டாம் தரத்துக்கு ஆறு மாதத்துக்கொருமுறை என்பது பொதுவான வழக்கம். வரும்போது அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன் படங்களையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். பழைய ஓரம் எங்கே இருந்தது என்று தெரிந்தால், புதிதாகத் தெரியும் ஒரு புள்ளி தழும்பா, கட்டியா என்று கணிப்பது எங்களுக்கு எளிதாகும்.