ஒரு நாழி அரிசியும் ஏழு சிறுமியரும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (ஆட்சிக் காலம் 1063-1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 'வீரசோழன்' என்ற பெயரில் நடந்த ஆதுலர் சாலையைப் பற்றி, அதாவது மருத்துவமனையைப் பற்றி, அது கூறுகிறது. படுக்கைகள் 15, மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள். படுத்திருக்கும் நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

இதைப் படித்ததும் உங்களில் கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் பென்சிலை எடுத்துவிடுவார். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி. நாழிக்கு எத்தனை கிராம் என்று தெரிந்தால், சோழர் காலத்து நோயாளிக்குப் போதிய உணவு கிடைத்ததா என்று சொல்லிவிடலாமே!

சற்றுப் பொறுங்கள். அந்த நாழி எவ்வளவு பெரியது? சோழ நாட்டில் எல்லா ஊருக்கும் ஒரே மரக்கால் இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் என்று பெயர் சொல்லியே அளக்கின்றன. சரி, அளவு தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாழி என்பது கொடுக்கச் சொன்ன அளவு. காய்ச்சலில் கிடந்தவர் அதை முழுவதும் உண்டாரா, இரண்டு கவளத்தோடு தள்ளிவிட்டாரா? கல்வெட்டு சொல்லாது. அது கல்வெட்டின் குற்றமன்று. பண்டாரத்திலிருந்து எவ்வளவு அளந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்டது அது. அந்த வேலையைச் செவ்வனே செய்கிறது. நாம்தான் அதனிடம் வேறு கேள்வி கேட்கிறோம்.

இன்றைய உணவு ஆய்வுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1930களில் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த அய்க்ராய்டும் கிருஷ்ணனும் தென்னிந்தியக் கிராமங்களில் உணவு ஆய்வு நடத்தினார்கள். அந்தக் கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. 1972-இல் அமைக்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புக் குழு, தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் இப்பணியைத் தொடர்ந்து செய்தது. இவர்கள் கையாண்ட முறைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வீட்டுக்கே போய் அன்று உலைக்குப் போகும் அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் தராசில் நிறுப்பது. மற்றொன்று, அளவு தெரிந்த கிண்ணங்களையும் கரண்டிகளையும் முன்னே வைத்து, "கடந்த 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு?" என்று கேட்பது.

எது நல்ல முறை? இப்படிக் கேட்பதே தவறு. 'எதற்கு' நல்லது என்று கேட்கவேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தெருவில் ஏழு சிறுமியர். ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் 70 கிராம் முருங்கைக்கீரை உண்கிறார்கள். ஒருத்தி திங்களன்று, ஒருத்தி செவ்வாயன்று, இப்படியே. நீங்கள் புதன்கிழமை போய் நேற்றைய உணவை விசாரிக்கிறீர்கள். ஒருத்தி 70 கிராம், மற்ற ஆறு பேரும் ஒன்றுமில்லை. சராசரி என்ன? ஆளுக்கு 10 கிராம். மிகச் சரி! ஆண்டு முழுவதும் விசாரித்தாலும் இதே விடைதான். ஆனால் அதே தாளை வைத்துக்கொண்டு, "ஏழில் ஆறு பேர் கீரையே உண்பதில்லை" என்று எழுதினால் அது முழுப் பொய். உண்மையில் ஏழு பேரும் ஒரே அளவுதான் உண்கிறார்கள். அதிலும் கீரையிலிருந்து கிடைக்கும் உயிர்ச்சத்து ஏ-யைக் கல்லீரல் சேமித்து வைத்துக்கொள்ளும்; ஒருநாள் உண்ணாதது உடனே குறைவாகிவிடாது. எத்தனை பேருக்குக் குறைவு என்று அறிய வேண்டுமானால், சிலரிடமாவது மீண்டும் ஒரு நாள் போய் விசாரித்தாக வேண்டும். அப்போதுதான் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் நாளுக்கு நாள் உள்ள வேறுபாட்டையும் பிரித்தறிய முடியும். தெருவில் எல்லோருமே வெள்ளிக்கிழமைதான் கீரை சமைப்பார்கள் என்றால் சராசரியும் கெட்டுவிடும். கிழமைகளையும் பரவலாக எடுக்க வேண்டும்.

அடுப்படித் தராசுக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டில் மொத்தம் எவ்வளவு சமைத்தார்கள் என்பதை அது துல்லியமாகச் சொல்லும். யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதைச் சொல்லாது. எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் அம்மா நம் ஊர்களில் எத்தனை பேர்! பள்ளியில் சிறுவன் உண்ட சத்துணவும் அந்தத் தராசில் ஏறாது. வளரும் பெண்ணுக்கு இரும்புச்சத்து போதுமா என்று முடிவு செய்ய, வீட்டின் மொத்தத்தைத் தலைக்குத் தலை வகுத்து எடுத்த எண் உதவாது. அந்த எண்ணில் அவளுடைய பசி மறைந்துபோகும்.

பெரிய அளவில் இப்படி ஒரு குழப்பம் நடந்ததுண்டு. மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு, 1993-94-இல் "கடந்த 30 நாளில் என்னென்ன உணவுப் பொருள் வாங்கி உண்டீர்கள்?" என்று கேட்டது. 1999-2000-இல் அதே படிவத்தில் 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் அருகருகே கேட்டார்கள். 7 நாள் என்று கேட்டால் மக்கள் கூடுதலாகச் சொல்வது முன்பே சோதனையில் தெரிந்திருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதும், ஒரு விடைக்கு ஏற்ப மற்றொன்றையும் மக்கள் சரிசெய்துகொண்டார்கள் என்ற ஐயம் எழுந்தது. வறுமைக்கோட்டின்கீழ் உள்ளோர் 36 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்தனர் என்ற அறிவிப்பு வந்தது. குறைந்தது வறுமையா, மாறியது கேள்வியா? அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டனும் அவர்களுள் ஒருவர். 2004-05-இல் பழைய 30 நாள் முறையிலும் கணக்கு எடுக்கப்பட்டது. பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் பழைய கேள்வியையே கேட்க வேண்டும் அல்லவா?

உங்கள் வகுப்பிலும் ஓர் உணவு ஆய்வு நடத்தலாம். கேள்வித்தாள் அச்சடிக்க ஓடாதீர்கள். முதலில் ஒரு வெற்றுத் தாளில், முடிவில் நீங்கள் வெளியிடப்போகும் பட்டியலை எண்கள் இல்லாமல் கட்டம் போட்டு வரையுங்கள். "காலை உணவு உண்ணாமல் வரும் மாணவர்" என்று ஒரு கட்டம் இருந்தால், ஒரு நாள் உண்ணாமல் வந்தவரா, நாள்தோறும் அப்படி வருபவரா என்று அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். நாள்தோறும் என்றால் எத்தனை நாள் விசாரிக்க வேண்டும், தேர்வு நாளும் திருவிழா நாளும் அதில் சேருமா என்ற கேள்விகள் தாமாகவே வரும். எந்தக் கட்டத்தை நிரப்ப உங்களிடம் கேள்வி இல்லையோ அதை அடித்துவிடுங்கள். எந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லையோ அதையும்.