பழைய வண்டியும் மரத்தகடும்

இங்கிலாந்து நாட்டுக் கோவெண்ட்ரி நகரில், 1959 முதல் 1967 வரை ஜாகுவார் மார்க் இரண்டு என்னும் மோட்டார் வண்டி செய்யப்பெற்றது. அதன் கதவைத் திறந்து உள்ளே நோக்குவோரின் கண்ணை முதலில் ஈர்ப்பது, முகப்புப் பலகையிலும் கதவுகளின் மேல்விளிம்பிலும் ஒளிரும் அக்ரூட் மரமே ஆகும். அதனை முழு மரம் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது, ஒட்டுப்பலகையின் மீதோ எளிய மரத்தின் மீதோ ஒட்டப்பெற்ற மெல்லிய தகடு. வெனீர் என்பது அதன் பெயர். ஒரு மில்லிமீட்டர் கனங்கூட அதற்கு இராது.

மரத்தை இவ்வாறு சீவி ஒட்டுவது சிக்கனம் கருதி மட்டும் செய்த சூழ்ச்சியன்று. அக்ரூட் மரத்தின் அடியிலும் உடலிலும் சிற்சில இடங்களில் கழலைபோலப் புடைப்புகள் தோன்றும். அவற்றுள் மரத்தின் இழைகள் சுழன்றும் பின்னியும் கிடப்பதால் வியத்தகு கோலங்கள் அமைகின்றன. ஆனால் அத்தகைய மரத்தைப் பலகையாக அறுத்தால் அது எளிதில் கோணிப்போகும்; மெல்லிய தகடாக்கி உறுதியான அடிமரத்தில் ஒட்டினால் அடங்கி நிற்கும். மேலும், அடுத்தடுத்துச் சீவிய இரு தகடுகளில் கோலம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அவற்றை நூலைத் திறந்து வைத்தாற்போல விரித்து இணைத்தால், இடப்புறம் கண்ட வடிவம் வலப்புறம் கண்ணாடியில் தெரிவதுபோல் தோன்றும். ஆகவே ஒரு துண்டு கெட்டால் அதன் இணையும் அழகு இழக்கிறது. அதே கோலமுடைய தகட்டைப் பின்னர்த் தேடிப் பெறுதல் அரிது.

இவ்வளவு அரிய தகடு எவ்வாறு கெடுகிறது? மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். அதன்மேற் பூசிய மெருகுப் பூச்சோ, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. மரத்தின் அசைவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் அது வெடிக்கிறது. முன்கண்ணாடியின் ரப்பர் விளிம்பு தளர்ந்தால் மழைநீர் கசிந்து அவ்வெடிப்பினுள் புகுந்து ஒட்டை இளக்கும். வெயிலின் கொடுமை வேறு. சில மரங்கள் வெயிலில் கருக்க, அக்ரூட் மரம் வெளிறிப்போகிறது.

பழுது பார்ப்பவர் முதலில் பலகைகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் இடத்தையும் திருகாணிகளையும் குறித்துக்கொள்வார். பின்பு பழைய பூச்சை நீக்குதல் வேண்டும். இங்கேதான் பொறுமையற்றவர் தவறுகின்றனர். பூச்சு விரைவில் போகட்டும் என்று எந்திரத்தில் உப்புத்தாளைப் பூட்டித் தேய்த்தால், சில நொடிகளில் தகடு தேய்ந்து அடிமரம் வெளிப்பட்டுவிடும். போன தகட்டை மீண்டும் வளர்க்க யாராலும் இயலாது. எனவே, பூச்சை இளக்கும் மருந்தைத் தடவி, அது நெகிழ்ந்தபின் மழுங்கிய சுரண்டியால் மெல்ல வழித்தெடுப்பதே நன்று. அம்மருந்தின் ஆவி தீங்கு செய்வது. காற்றோட்டமுள்ள இடத்தில் கையுறை அணிந்தே இப்பணியைச் செய்வர்.

தகடு அடிமரத்தை விட்டு எழும்பியிருப்பின், அதனடியில் ஊசிக்குழலால் பசையைச் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, அதன்மேல் கட்டையை இறுக்கிப் பிணிப்பர். விலங்குத் தோலினின்று காய்ச்சி எடுத்த வச்சிரத்தால் ஒட்டியதாயின் வேலை இன்னும் எளிது. ஈரத்துணியை விரித்து இஸ்திரிப்பெட்டியால் மிதமாகச் சூடேற்றினால் பழைய வச்சிரமே இளகி மீண்டும் பற்றிக்கொள்ளும். நூறாண்டு சென்றாலும் அவிழ்த்துத் திருத்த இடங்கொடுக்கும் இப்பண்பினால், புதுப் பசைகள் பல வந்த பின்னும் வச்சிரத்தையே நான் மேலாகக் கருதுவேன்.

தகடு உடைந்து போன இடத்தில் ஒட்டு வைக்க வேண்டும். நேர்க்கோட்டில் வெட்டிய ஒட்டுத் துண்டு உடனே கண்ணிற்படும். தேர்ந்த தச்சர் கோலத்தின் வளைவையே பின்பற்றி ஒழுங்கற்ற வடிவில் வெட்டுவர்; விளிம்பு கோலத்துள் மறைந்துவிடும். நிறம் வேறுபட்டால் நுண்ணிய தூரிகையால் சாயமிட்டு ஒப்பச் செய்வர்.

பின்னர்ப் பூச்சு. ஒரே முறையில் கனமாகப் பூசாமல் மெல்லிய பல பூச்சுகள் இட்டு, இடையிடையே நீர் தொட்டு மிக நுண்ணிய உப்புத்தாளால் சமன் செய்வர். கடைசிப் பூச்சு கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே இளகியே இருக்கும். சில வாரங்கள் அதனை நிழலில் வைத்திருந்து, இறுகியபின் மெருகேற்றி, முன்பு குறித்து வைத்த திருகாணிகளைக் கொண்டு அதனதன் இடத்தில் பொருத்துவர்.