ஐந்தாவது சனிக்கிழமை

வீட்டுக் கணக்கு – 11

போன வாரம் பார்த்தது மாதச் சம்பளக்காரர் வீடு. ஒன்றாம் தேதி வந்து பத்தாம் தேதிக்குள் கரைந்து, மிச்ச இருபது நாளும் கையைப் பிசைய வைக்கும் கணக்கு அது. திருப்பூரில் அது செல்லுபடியாகாது. அங்கே சிறு பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிறது. ஊரின் நாடித்துடிப்பே அதை வைத்துத்தான். சனிக்கிழமை ராத்திரி மளிகைக் கடையில் நிற்க இடமிருக்காது. ஞாயிறு காலை கறிக்கடையில் வரிசை. புதன் கிழமை அதே கடைத்தெருவில் ஈயோட்டுவார்கள்.

சம்பளம் வாரம் வருகிறது. செலவு அப்படி வருவதில்லை. வாடகை மாதம் ஒருமுறை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கேஸ் சிலிண்டர் தனக்கு இஷ்டமான நாளில் தீரும். பள்ளிக்கூடச் செலவு ஜூனில், துணிமணி தீபாவளிக்கு, ஊருக்குப் போகும் பஸ் காசு கோயில் திருவிழாவுக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாளத்தில் வந்து கதவைத் தட்டுகிறது. வருமானம் குறைவு என்பது ஒரு கஷ்டம். அது வருகிற நாளும் போகிற நாளும் ஒத்துப்போகாதது இன்னொரு கஷ்டம். சிக்கனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாவதைப் பற்றியே எழுதுகிறார்கள். வீட்டை நடத்துகிற பெண்களின் தலைக்குள் ஓடுவதோ பெரும்பாலும் இரண்டாவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருக்கும் குடும்பம். புருஷன் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறார், மனைவி வேலை இருக்கிற நாளில் செக்கிங் போகிறார். லீவு, வேலையில்லாத நாள் எல்லாம் போக வாரம் 4,500 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை 4,000. மாதத்துக்கு நாலு வாரம், ஆகவே வருமானம் 18,000 என்றுதான் அந்த வீட்டில் யாரும் சொல்வார்கள். ஆனால் வருஷத்துக்கு 52 வாரம். பன்னிரண்டு மாதத்துக்கு நாலு வாரம் வீதம் 48 போக நாலு வாரம் மிஞ்சுகிறது. அதாவது வருஷத்தில் நாலு மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். 2026-இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். வாடகை அந்த மாதங்களிலும் ஒன்றுதான். ஐந்தாவது சனிக்கிழமையின் 4,500 ரூபாயில் சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில் வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

மே மாதத்து ஐந்தாவது சனி 30-ஆம் தேதி. பள்ளி திறக்கும் நேரம். அக்டோபரின் ஐந்தாவது சனி 31; எட்டு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று தீபாவளி. காலண்டரே கை கொடுக்கிற வருஷம் இது. எல்லா வருஷமும் இப்படி அமையாது.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை. திருப்பூரில் குடும்பம் நடத்துகிற பெண்கள் பலருக்கு இது தெரியும்; காகிதத்தில் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான். வாடகையை நாலாகப் பிரித்து வாரம் ஆயிரமாக எடுத்து வைக்கிறவர்களின் வீட்டில் ஐந்தாவது சனி ஐந்தாவது சனியாகவே வந்து சேர்கிறது. முதல் சனியன்றே வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு 500 ரூபாயோடு அந்த வாரத்தை ஓட்டுகிறவர்களுக்கு அது வருவதே தெரியாது. முதல் வாரத்துக் கடன் இரண்டாவது வாரத்துக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு என்று தள்ளிக்கொண்டே போய் ஐந்தாவதில் அடைகிறது.

இந்த இடத்தில் வாரச் சீட்டையும் குழு லோனையும் பேசாமல் நகர முடியாது. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் வாரத் தவணையாக வாங்குவதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. காசு கையில் இருக்கும் நாளில் வந்து நிற்கிறார்கள். சேமிப்பிலும் இதே கதைதான். தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருஷத் திட்டம், வட்டி 6.7 சதவீதம், அரசாங்க உத்தரவாதம். நல்ல திட்டம்தான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குத் தபால் ஆபீஸ் திறந்திருக்காது. தீபாவளிச் சீட்டு பிடிக்கிறவர் அந்த நேரத்துக்கு வீட்டு வாசலுக்கே வருவார். பதிவு இல்லாத சீட்டு, ஆள் ஓடிவிட்டால் போச்சு, இதெல்லாம் தெரிந்தே நூறு நூறாகக் கொடுக்கிறார்கள். இவர்களுக்குப் படிப்பறிவு போதவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்.டி. கட்டப் போனால் அரை நாள் கூலி போகும் என்பதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

குழு லோனில் வேறொரு பொறி. அது 52 வாரத்தையும் எண்ணுகிறது. அதற்கு நாலாவது, ஐந்தாவது என்ற வித்தியாசம் கிடையாது. ஒரு லோன் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு, மூன்று என்று ஏறும்போது முதலில் காணாமல் போவது அந்த உபரி வாரம்தான். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி! நம் கணக்குப்படி 9,000 ரூபாய். அதன் மேல் வாடகை 4,000. மிச்சம் 5,000 ரூபாயில் ஒரு மாதம் சாப்பிட வேண்டும். சட்டப்படி சரியாக இருக்கிற கடனே அடுப்பை அணைத்துவிட முடியும்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்து ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் பறிபோய்விடுகிறது, அதுதான் காரணம். அதற்கு முந்தைய கட்டணத்தில் இந்தப் படி இன்னும் செங்குத்து: 1,130-லிருந்து 1,786-க்குத் தாவும். அதன் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, படி அப்படியேதான் இருக்கிறது. சொந்த மீட்டர் உள்ள வீட்டில் ஐம்பதாவது நாள் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு, கிரைண்டரையும் அயர்ன் பாக்ஸையும் கணக்கு எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கிறவர்கள் உண்டு. கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்களுக்கு 233 ரூபாயில் எத்தனை நாள் பால் வரும் என்று தெரியவில்லை.

லைன் வீட்டுக்காரர்களுக்கு அந்த வித்தையும் கிடையாது. எட்டு வீடு, ஒரே சர்வீஸ், ஒவ்வொரு வாசலிலும் ஒரு சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று தன் விருப்பத்துக்கு வசூலிப்பார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஓட்டுகிற குடும்பம் சொந்த இணைப்பில் இருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டாம். இங்கே 800 ரூபாய். குறைவாக ஓட்டுகிறவர்களுக்கென்று அரசு கொடுத்த சலுகை, குறைவாகவே ஓட்டுகிற வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டால், "எனக்கு மொத்தமா ஏறி மேல் ரேட்டுல வருதுங்க, நான் என்ன பண்றது?" என்பார். அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எட்டு வீட்டு யூனிட்டும் ஒரே மீட்டரில் கூடினால் 500 எந்த மூலைக்கு?

2011-க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியில் கிரைண்டர் மட்டும் பல வீடுகளில் மூலையில் துணி போர்த்தி நிற்பதற்கு இந்த யூனிட் விலையும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நேரம். திருப்பூரில் ஷிஃப்ட் கணக்கு ஒன்று, ஒன்றரை என்று போகும். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. அதற்கு மேல் யார் அரிசி ஊறப்போட்டு ஆட்டுவது? மாவுப் பாக்கெட் வருகிறது. மாவும் தீர்ந்த நாளில் பரோட்டா வருகிறது. அரை ஷிஃப்ட் கூடுதலாகப் பார்த்ததில் 250 ரூபாய் கிடைத்தது, நாலு பேருக்குப் பரோட்டா 150 என்றால், அந்த மூன்று மணி நேர உழைப்புக்கு வீடு வந்த காசு நூறு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சனிக்கிழமை மட்டும் ஒன்றரைக்கு "வரலைங்க" என்று சொல்லிவிட்டு, ஐந்தரைக்கே கிளம்பி ஒரு வாரத்துக்கான சாமான் வாங்குவார்கள். ஆர்டர் அவசரமாக இருந்தால் சூப்பர்வைசர் விடமாட்டார் என்பது வேறு விஷயம். நாடு முழுக்க எடுத்த 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், உணவுச் செலவில் பானங்கள், தின்பண்டங்கள், தயாரித்த உணவு என்ற இனம்தான் நகரத்திலும் கிராமத்திலும் முதலிடத்தில் நிற்கிறது. நகரத்தில் மொத்தச் செலவில் 10.64 சதவீதம். நாக்கு ருசி கூடிவிட்டது என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் எட்டரை மணிக்கு வீடு திரும்புகிறவர்களும் தெரிகிறார்கள்.

ரேஷனில் அரிசி இலவசம், சர்க்கரை கிலோ 25, துவரம் பருப்பு 30, பாமாயில் லிட்டர் 25. காசு கொடுத்து வாங்குகிறவற்றில், வெளிக்கடையோடு ஒப்பிட்டால் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டுமே நல்ல மிச்சம். ஆனால் கைரேகை வைக்க அட்டையில் பெயருள்ளவர்தான் போக வேண்டும். போகிற நாளில் பருப்பு வந்திருக்க வேண்டும். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் அரை நாள் கூலி இரண்டு போச்சு, பிறகு மலிவு என்ன மலிவு? அதனால்தான் மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறு, கடை திறந்திருக்கும் அந்த நாட்களில், தொழிலாளர் குடியிருப்புகளில் வரிசை தெருமுனை வரை நீள்கிறது. பாட்டி ஒருவர் கூட இருக்கிற வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. மாதம் சுமார் 200 ரூபாயைத் தன் நேரத்தால் சம்பாதித்துக் கொடுக்கிறார் அவர். அதை யாரும் வருமானத்தில் சேர்ப்பதில்லை.

சில்லறையாக வாங்குவதால் ஏழைக்கு எல்லாமே விலை கூடுதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். பருப்பு, எண்ணெய், டீத்தூளில் அது சரி. ஷாம்புவில் தலைகீழ். மில்லி கணக்குப் பார்த்தால் பல நேரம் ஒரு ரூபாய்ப் பாக்கெட்தான் பெரிய பாட்டிலைவிட மலிவு. கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றபோது அவர் கண்ணில் இருந்ததும் மொத்தமாகக் காசு கொடுக்க முடியாத இந்த வீடுகள்தானே.

ஞாயிற்றுக்கிழமைக் கறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆறு நாள் மெஷினில் குனிந்து உட்கார்ந்தவர்களின் அரைக் கிலோ கோழியைக் குறைக்கச் சொல்லும் சிக்கனம் என் தொடரில் வராது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூரில் ஆர்டர் தள்ளிப்போன இடங்களில் முதலில் போனது வேலை அல்ல, அந்த அரை ஷிஃப்ட். ஒன்றரை ஒன்றானது. வாடகையும் குழுத் தவணையும் ஒன்றரை ஷிஃப்டிலேயே நின்றுகொண்டிருந்தன. வாரக் கூலியின் பலவீனம் இது. அடி விழுந்தால் அடுத்த சனிக்கிழமையே வீட்டில் தெரியும்.

பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் மாதச் சம்பளத்துக்கு மாறி, பேங்கில் போட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கின்றன. இது நல்லதா என்று லைன் வீடுகளில் கேட்டால் ஒரே பதில் வராது. "பி.எஃப். என்னத்துக்குங்க, இந்த வாரம் அரிசிக்கு வேணும்" என்பார் ஒருவர். "ஆஸ்பத்திரிக்கு இ.எஸ்.ஐ. இருந்தாப் போதுங்கக்கா" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் நியாயம். சில வீடுகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன: ஒருவர் வாரக் கூலிக் கம்பெனியில், மற்றவர் மாதச் சம்பளக் கம்பெனியில். மாதச் சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கும், வாரக் கூலி அடுப்புக்கு. பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு மாறுவது மனைவி. கம்பெனி வேன் வரும், பி.எஃப். நம்பர் அவர் பேரில் இருக்கும்.

மாறுவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்றாம் தேதி சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி வாக்கில். இடையில் ஐந்து சனிக்கிழமை அவர் கையில் ஒன்றும் வராது. ஐந்தாவது சனி உள்ள மாதத்துக் காசை எடுத்து வைத்துவிட்டு, அதற்கடுத்த ஒன்றாம் தேதி சேர்ந்தால் பள்ளத்தின் ஆழம் கொஞ்சம் குறையும். மீதிக்கு, காதில் கிடக்கிற தோட்டைக் கூட்டுறவு வங்கியில் வைப்பதா, வாரத் தவணைக்காரரிடம் இன்னொரு லோன் எடுப்பதா? நகைக் கடன் என்றே நான் சொல்வேன். அதை எங்கே, எவ்வளவு நாளுக்கு, என்ன வட்டிக்கு வைப்பது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)