ஊசி போட்ட பிள்ளைக்கும் அம்மை வருவது ஏன்?

“ஊசி போட்ட புள்ளைக்கே அம்மை வந்துடுச்சாம். அப்புறம் எதுக்குங்க ஊசி?” திருச்சி அரியமங்கலத்தில் புதன்கிழமை தடுப்பூசிக்குக் கைக்குழந்தையோடு வரும் அம்மாக்கள் இதைக் கேட்டால், “சும்மா கிளப்பிவிடுறாங்க” என்று சொல்லி மழுப்பக் கூடாது. அவர்கள் சொல்லும் செய்தி உண்மையாகவே இருக்கலாம். தட்டம்மை பரவும்போது படுத்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்களாக இருக்கக்கூடும். அப்போதும் ஊசி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

கணக்குப் போட்டால் புரியும். ஆயிரம் பிள்ளைகளில் 950 பேருக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டாயிற்று, 50 பேர் விட்டுப்போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் போடும் ஒரு தவணை நூற்றில் சுமார் 85 பேருக்குத்தான் பலிக்கிறது. ஆக, போட்டவர்களிலேயே 143 பேர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். கிருமி எல்லோரையும் எட்டினால் 193 பேர் படுப்பார்கள். அவர்களில் நாலில் மூன்று பங்கு ஊசி போட்டவர்கள். தெருவில் பேச்சாவது இந்த எண்ணிக்கைதான். போட்டவர்களில் நூற்றுக்கு 15 பேர், போடாதவர்களில் நூற்றுக்கு நூறு பேர் என்ற ஒப்பீடு யார் கண்ணிலும் படுவதில்லை. ஊசியின் பலத்தை அளக்க ஆய்வாளர்கள் கையிலெடுப்பது அதைத்தான்.

எல்லோருக்கும் ஏன் பலிப்பதில்லை? கருவிலேயே தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளிடம் ஒன்பது மாதம் வரைக்கும் மிச்சமிருக்கும். ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது பெருகி உடலுக்குப் பாடம் நடத்துவதற்குள் தாய் தந்த காவலே அதை ஒழித்துக்கட்டிவிடும். ஒரு வயது முடிந்து போட்டால் 95 பேர் வரை பலிக்கும்தான். ஆனால் அதுவரை காத்திருக்கும் மாதங்களில் நம் ஊர்ப் பச்சைக்குழந்தைகளைக் கிருமி முந்திக்கொள்ளும். அதனால்தான் ஒன்பதில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாவதைப் பலர் ‘பூஸ்டர்’ என்கிறார்கள். முதல் தடவை பலிக்காதவர்களுக்கு அது மறுவாய்ப்பு என்பதே சரி. இரண்டும் போட்டால் பாதுகாப்பு 97 விழுக்காட்டைத் தொடும்.

ஒற்றைத் தவணையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலூர் மாவட்டம் காட்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு நான்காம் நாள் அங்கே தட்டம்மை தலைகாட்டியது. நிவாரண முகாம் நெரிசல்தான் காரணம் என்றே யாருக்கும் தோன்றும். அந்தப் பரவலைப் பற்றிய ஆய்வில் கண்டறிந்த 101 பேரில் 71 பேர் அலை தாக்கிய ஊர்க்காரர்கள், 30 பேர் தாக்காத ஊர்க்காரர்கள். ஆனால் ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்று பார்த்தால் தாக்கிய ஊர்களில் 1.3, தாக்காத ஊர்களில் 1.7! தொற்றிய நாளிலிருந்து தடிப்பு வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அலை தாக்கிய ஊர்களில் 42 விழுக்காட்டினருக்கு 14 நாளுக்குள்ளேயே நோய் வெளிப்பட்டுவிட்டது. கடல் பொங்குவதற்கு முன்பே கிருமி அங்கே உலவிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்?

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் அப்போது ஒரு தவணை ஊசி 95 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆண்டுதோறும் பலிக்காமல் விட்டுப்போனவர்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைக்கும் கிருமிக்கு அந்தக் கூட்டம் போதும். டிசம்பர் 29இல் நடந்த அவசர ஊசி முகாம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களுக்கானது. அலை தாக்கிய ஊர்களில் படுத்தவர்களில் 36 விழுக்காட்டினரோ ஐந்து வயதைக் கடந்தவர்கள். 2017 பிப்ரவரி 6இல் தொடங்கிய தட்டம்மை, ரூபெல்லா முகாமில் 15 வயதுக்குட்பட்ட பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தது ஏன் என்பது இதைப் படித்தால் விளங்கும்.

அடுத்த முறை போகும்போது ஊசி மருந்துக் குப்பியைக் கவனியுங்கள். ஒரு வட்டம், அதற்குள் வெளிர்நிறச் சதுரம். சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. உள்ளே இருப்பது பொடி. அதற்கான நீரைச் சேர்த்துக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் கணக்கு. திருச்சி வெயிலில் செவிலியர் குளிர்பெட்டியை அடிக்கடி திறக்க விடாததற்குக் காரணம் இதுதான்.

அம்மை கண்ட வீட்டில் சமயபுரம் மாரியம்மனை நினைத்து வாசலில் வேப்பிலை செருகுவது நம் பக்கத்து வழக்கம். வெளியாட்கள் உள்ளே வராமல் தடுக்கும் அளவில் அது நல்ல காரியமே. ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பிள்ளை கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை ஏறும்போது பக்கத்து வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கலாம். வைட்டமின் ஏ மருந்தும் வேண்டும் என்பதால் பிள்ளையை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நோய் கண்ட வீட்டார் ஒளித்து வைக்காமல் சொன்னால் வழி உண்டு. கிருமி பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், கிருமியை முந்திக்கொண்டு அது வேலை செய்யக்கூடும். 2022 இறுதியில் மும்பையில் பரவியபோது, ஒன்பது மாதம் நிரம்பாதவர்களிடையே நோய் அதிகமுள்ள இடங்களில் ஆறு மாதக் குழந்தைகளுக்கும் ஒரு தவணை போட மத்திய அரசு பரிந்துரைத்தது. அந்தத் தவணை அட்டைக் கணக்கில் சேராது. ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயதை ஒட்டியும் வழக்கம்போல் வர வேண்டும்.