விபுலாநந்தர் பிறந்தபோது காரைதீவு எந்த மாவட்டம்?

இந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் சமாதானம் இல்லை. தரம் 9 படிக்கும் மகளுக்குப் பாடசாலையில் பொது அறிவு வினாவிடைப் போட்டி. "சுவாமி விபுலாநந்தர் பிறந்தபோது காரைதீவு எந்த மாவட்டத்தில் இருந்தது?" என்ற கேள்விக்கு அவள் மட்டக்களப்பு என்று எழுதினாள். திருத்தியவர் அம்பாறைதான் சரி என்று வெட்டிவிட்டார். அந்த ஒரு புள்ளியால் அணியில் இடம் போயிற்று. "வாப்பா, நான் எழுதினது பிழையா?" என்று கேட்டாள். எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கிறவன் நான். புத்தகம் தேடிக் கல்முனைக்குப் போனால் அன்றைய வியாபாரம் போய்விடும். ஆசிரியர்களும் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் உள்ள வட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அவசரத்தில், "விபுலாநந்தர் பிறந்த மாவட்டம் எது?" என்று சுருக்கிப் போட்டதுதான் நான் விட்ட தவறு. ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேர் அம்பாறை என்றார்கள். மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, கேள்வித்தாளப் படம் எடுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். 'பிறந்தபோது' என்ற சொல்லை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். விபுலாநந்தர் பிறந்தது 1892இல். மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது 1961இல். அவரோ 1947இலேயே காலமாகிவிட்டார். அம்பாறை என்றொரு மாவட்டத்தை அவர் தன் வாழ்நாளில் கண்டதே இல்லை. கட்டாரில் இருக்கும் ஒரு தம்பி பழைய இலங்கை வரைபடத்தையும் தேடிப் போட்டார்.

சிக்கலான கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான், ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். இலங்கையில் மாவட்டங்கள் எத்தனை என்றால் 25. தேர்தல் மாவட்டங்கள் என்றால் 22. கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேரும், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னியாகும். எங்கள் அம்பாறையே அந்தப் பட்டியலில் திகாமடுல்ல என்றுதான் இருக்கும்.

பலர் ஒரே விடையைச் சொன்னால் அது சரியாகிவிடாது. ஒருமுறை நாட்டின் மிக நீளமான ஏ தர வீதி எது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் ஏ9 என்றார்கள், செய்திகளில் அடிக்கடி கேட்ட பெயர் அல்லவா. லொறி ஓட்டும் நானா ஒருவர்தான் ஏ4 என்றார். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு வரை சுமார் 430 கிலோமீற்றர். ஏ9 ஏறக்குறைய 320தான். தினமும் அந்த வீதியில் போய்வரும் எங்களுக்கே தெரியவில்லை! அதற்குப் பிறகு யார் விடை சொன்னாலும் "எங்க பாத்தீங்க?" என்று கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. போட்டி நடந்துகொண்டிருக்கும்போது கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். றமழானில் பரிசுப் போட்டிகள் வரும் காலத்தில் இதில் இன்னும் கண்டிப்பு. அது உதவியல்ல, களவு.

ஆண்டுகளையும் வரைபடத்தையும் ஒரு தாளில் அச்செடுத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். வாசித்துவிட்டுப் புள்ளியைத் திருத்தினார்கள். ஆனால் அணியின் பெயர்ப் பட்டியல் முதல்நாளே போய்விட்டதாம். திருத்திய விடைத்தாளை மகள் சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறாள்.