திமிங்கிலச் சுயம்வரம்

பினாங்குக் கடலில் ஓங்கில்கள் எப்போதாவது தலைகாட்டும். கூன்முதுகுத் திமிங்கிலம் பார்க்க வேண்டுமென்றால் ஹவாய், ஆஸ்திரேலியா என்று போக வேண்டியதுதான், நேயர்களே!

அங்கே படகில் போகிறவர்கள் 'ஜோடி சேருது பாருங்க' என்று கைகாட்டுவது பெரும்பாலும் ஆண்களின் அடிதடியைத்தான். முன்னால் ஒரு பெண் நீந்த, பின்னால் ஆண்கள் கூட்டமாகத் துரத்தும். மூச்சுக் குமிழிகளைத் திரைபோல விட்டு எதிரியை மறிக்கும்; வாலால் விளாசும்; முட்டி மோதியதில் தலையிலுள்ள புடைப்புகள் உரசி ரத்தம் கசியும். இத்தனை அமர்க்களத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் கூடலைப் படம் பிடித்தவர் நெடுங்காலம் யாருமில்லை. 2022 ஜனவரியில், ஹவாயின் மவுயி தீவருகே முதன்முதலாக ஒரு படம் சிக்கியது. ஆராய்ந்து பார்த்தால், இரண்டுமே ஆண்!

நம்மவர் ஊர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. அரபிக்கடல் கூன்முதுகுகள் மற்றவைபோலத் துருவக் கடலுக்கு வலசை போவதில்லை. ஆண்டு முழுக்க அங்கேயே வாசம். ஓமான் கரையோரம் நூற்றுக்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாகக் கணிக்கிறார்கள். 2017-இல் அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்ற பெண் திமிங்கிலம், கடலைக் குறுக்கே கடந்து கோவாவை எட்டி, அப்படியே கன்னியாகுமரிப் பக்கம் வரை இறங்கி வந்துவிட்டது.